கடலைப் பார்த்து நிறுத்திய கார்

1

எங்கள் மகள் ஆரணி இறந்துபோய்விட்டாள் என்று ஒரு மனிதர் ஒரு வருடத்துக்கும் மேலாக நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். இந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு அது தெரிய வந்தது. தெரிய வந்த அந்த நேரத்தில் ஆரணி மும்பை மாட்டுங்காவில் கூடைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தாள்.

அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. எங்களுடைய ஒரு பழக்கத்தைப் பார்த்து அவர் அப்படி நினைத்துவிட்டார். அது யாழ்ப்பாணத்துப் பழக்கமும் இல்லை, இங்கிலாந்துக் கரையில் எங்களுக்குத் தொற்றியது. அங்கேயிருந்து இதை வாசிக்கிற நண்பர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். மும்பையில் இந்தக் கேள்வியை யாராவது என்னிடம் கேட்காமல் ஒரு கிழமைகூடக் கழிந்ததில்லை. நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். ஒன்பது வயதில் பெற்றோரோடு இங்கிலாந்து போனேன். கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். அங்கேதான் வளர்ந்தேன், படித்தேன், ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தேன், குகனைக் கல்யாணம் செய்தேன். குகன் துறைமுகங்களில் மண் வாரி ஆழப்படுத்தும் வேலையைத் திட்டமிடுகிற பொறியியலாளர். ஆரணிக்குப் பதினாறு வயது. மூன்று பேரிடமும் இருப்பது பிரிட்டிஷ் கடவுச்சீட்டு. இரண்டு வருடத்துக்கு முன் குகனின் கம்பனி அவரை இங்கே அனுப்பியது. செம்பூரில், ஒரு உயரமான கட்டடத்தில் வீடு. ஆக, அரசாங்கத்தின் கண்ணில் நாங்கள் இந்தியாவில் வசிக்கும் ஒரு ஆங்கிலேயக் குடும்பம். எங்கள் முகத்தைப் பார்த்தால் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

இந்தக் குறிப்பில் நான் ஊர் என்று எழுதினால், அது அந்த இங்கிலாந்துக் கரையோர ஊர்தான். சிரிக்க வேண்டாம். எனக்கு வேறு ஊர் ஞாபகமில்லை.

2

வெளிநாட்டவர் பதிவுக்குப் போன முதல் நாள், மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என் கடவுச்சீட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிரஜாவுரிமை பிரிட்டன், பிறந்த இடம் யாழ்ப்பாணம், வாயைத் திறந்தால் தமிழ். அவர் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று நாட்டுக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளையெல்லாம் என் ஒருத்தியிடமே கேட்டார்கள். கடைசியில் வயதான ஒருவர், மிகவும் மரியாதையாக, "எல்லாம் சரி, உங்கள் காவ் எது?" என்றார். காவ் என்றால் சொந்த ஊர். மும்பையில் எல்லோருக்கும் வேறெங்கோ ஒரு காவ் இருக்கிறது. நான் இங்கிலாந்து ஊரின் பெயரைச் சொன்னேன். அவர் நல்ல பகிடி கேட்டவர் மாதிரிச் சிரித்துவிட்டு, முத்திரை குத்தித் தந்தார்.

பிறகு வீட்டைச் சரிபார்க்க இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். தேநீர் கொடுத்தேன். "இங்கிலாந்தில் எப்போதும் மழையாமே?" என்று ஒருவர் ஒப்புக்குக் கேட்டார். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் தொடங்கி, ஆங்கிலத்துக்கு வந்து, மழையைப் பற்றி நான் பேசிய பேச்சில் அவர்கள் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவர்கள் போன பிறகுதான் யோசித்தேன். அந்தக் கிழமையில் குகனையும் ஆரணியையும் தவிர நான் வாய் திறந்து பேசியது அவர்களோடு மட்டும்தான்.

என் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை. ஊரில் காலையிலிருந்து மாலை வரை வாய் நோக மற்றவர்களின் வாயைப் பற்றிப் பேசியவள் நான். இங்கே காலையில் இரண்டு பேரும் போனதும் வீட்டில் குளிரூட்டியின் சத்தம்தான். கட்டடத்துப் பெண்கள் நல்லவர்கள். லிஃப்டில் சிரிப்பார்கள், பண்டிகைக்கு இனிப்புப் பெட்டி அனுப்புவார்கள். அவர்கள் பேச்சு இந்தியும் மராத்தியும் குஜராத்தியுமாக ஓடும். அந்தப் பேச்சுக்குள் நான் நுழைவதற்கு முன் லிஃப்ட் என் மாடிக்கு வந்துவிடும். மாட்டுங்காவில் கோப்பித்தூள் கடைக்குப் போனால் தமிழ் கேட்கும். ஆனால் என் தமிழைக் கேட்டுவிட்டுக் கடைக்காரர், "மாமிக்குப் பாலக்காட்டுப் பக்கமா?" என்பார். இல்லை, யாழ்ப்பாணம் என்பேன். "ஓ, சிலோன். பேஷ்" என்று சொல்லிப் பொட்டலத்தைக் கட்டித் தருவார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு இங்கே தனிமையாக இருக்கிறது. இத்தனை கோடிச் சனம் முட்டி மோதுகிற நகரத்தில் இருந்துகொண்டு இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, என்றாலும் அதுதான் உண்மை.

3

இனி அந்தப் பழக்கம்.

எங்கள் ஊரில் கடற்கரையை ஒட்டி ஒரு நீளமான வாகனத் தரிப்பிடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார்கள் வரிசையாக, கடலுக்கு முகம் வைத்து நிற்கும். ஒவ்வொரு காருக்குள்ளும் இரண்டு பேர், மூன்று பேர். மடியில் பத்திரிகை, கையில் பிளாஸ்கிலிருந்து ஊற்றிய தேநீர். வெளியே சாம்பல் நிறக் கடல், மழை, காற்று. யாரும் இறங்க மாட்டார்கள். ஒரு மணி நேரம் இருந்து பார்த்துவிட்டு, "அருமையாக இருந்தது" என்று வீட்டுக்குப் போவார்கள். நாங்கள் போன புதிதில் என் அப்பா இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். "கடல் பாக்க வந்திட்டுக் காருக்குள்ளயே இருக்கிற சனத்தை இஞ்சதான் கண்டன்" என்றார். அடுத்த மாரிக்குள் அவரே ஒரு பழைய கார் வாங்கி அந்த வரிசையில் நிறுத்தினார்.

சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, எங்கள் வீட்டில் முக்கியமான எதையும் வீட்டுக்குள் பேசியதில்லை. எல்லாம் அந்தக் காருக்குள்தான். அப்பாவுக்கு நோய் என்று அம்மா எனக்குச் சொன்னது அங்கே. குகனைப் பிடித்திருக்கிறது என்று நான் சொன்னது அங்கே. கல்யாணமான பிறகு நாங்களும் அதே வரிசையில் நின்றோம். ஆரணி பின் இருக்கையில் இருந்து, நீராவி படிந்த கண்ணாடியில் விரலால் படம் கீறுவாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி அவளைத் தள்ளி வைத்த கதையை அவள் அங்கேதான் சொன்னாள். காருக்குள் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். முகம் பார்க்கத் தேவையில்லை. முகம் பார்க்காவிட்டால் கஷ்டமான கதைகள் தானாக வாயில் வந்துவிடும்.

மும்பைக்கு வந்ததும் அதைத்தான் தேடினேன். இங்கே கடலுக்குக் குறைவில்லை. ஆனால் கடலுக்கு வருகிறவர்கள் நடக்கிறார்கள், ஓடுகிறார்கள், பேல்பூரி தின்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். காருக்குள் இருந்து பார்க்க ஒருவரும் வருவதில்லை. பல இடம் அலைந்து, மாஹிமில் ஒரு சந்தின் முடிவில், மணலை ஒட்டி ஒரு கார் நிற்கக்கூடிய இடத்தைப் பிடித்தோம். முன்னால் குடாக் கடல், மீனவர் படகுகள், தூரத்தில் கம்பிகளில் தொங்கும் அந்தப் பெரிய பாலம். பிளாஸ்க், ஒரு கூடை, மூன்று கோப்பைகள். ஆரணி முதலில் வந்தாள். முணுமுணுத்துக்கொண்டுதான், ஆனால் வந்தாள்.

பிறகு பள்ளியில் கூடைப்பந்து அணியில் சேர்ந்தாள். பயிற்சி ஞாயிறு காலையில், மாட்டுங்காவில். நாங்கள் எழும்புவதற்கு முன்பே தோழிகளோடு ஓட்டோ பிடித்துப் போய்விடுவாள். நான் மூன்று கோப்பைகளையே எடுத்துக்கொண்டு போனேன். பயிற்சி ஒரு நாள் இல்லாமல் போகலாம், வழியில் அவளை ஏற்றலாம் என்று ஒரு நினைப்பு. மூன்றாவது கோப்பை முன் இருக்கைகளுக்கு நடுவில், வெறுமையாக, ஒவ்வொரு கிழமையும் இருந்தது.

4

குகனுக்கு மும்பைத் தெருவில் கார் ஓட்டத் துணிவில்லை. முதலில் கம்பனி ஓட்டுநர் ஞாயிறும் வந்தார், பிறகு அவருக்கு ஞாயிறு விடுமுறை ஆக்கிவிட்டார்கள். அதனால் கட்டடத்துக் காவலாளி மூலம் ஞாயிற்றுக்கு மட்டும் ஒருவரைப் பிடித்தோம். அவர்தான் அந்தோணி. தாராவியில் பிறந்தவர், பெற்றோரின் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கத்துக் கரையோரம். மற்ற நாட்களில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவர் எங்களிடம் வந்தபோது ஆரணி ஞாயிறு வருவதை நிறுத்திச் சில மாதங்கள் ஆகியிருந்தன. அவர் அவளைப் பார்த்ததே இல்லை.

முதல் நாள் மாஹிமில் நிறுத்தியதும் அவர் இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தார். நாங்கள் இறங்கவில்லை. நான் பிளாஸ்க்கைத் திறந்தேன். அவர் கொஞ்ச நேரம் கதவைப் பிடித்தபடி நின்று, பிறகு மெதுவாகச் சாத்திவிட்டு, ஒரு படகின் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த கிழமையிலிருந்து கதவைத் திறக்கவில்லை. அடை மழையில்கூட, தேநீர் வாங்கிக்கொள்ளுங்கோ, உள்ளே இருங்கோ என்றால், "வேண்டாங்கா, நீங்க இருங்க" என்று குடையைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய்விடுவார். எங்கள் இடத்தை யாராவது பிடிக்க வந்தால் மட்டும் இந்தியில் அவர்களோடு மல்லுக்கு நிற்பார். நல்ல கூச்ச சுபாவி என்று நினைத்தேன்.

அவர் காதில் விழும்படி நாங்கள் பேசியவற்றைக் கேளுங்கள். "ஆரணிக்கு இந்த மாதிரி மழை பிடிக்கும்." "ஆரணி இருந்திருந்தால் அந்தக் காகத்துக்கு ஒரு பேர் வைத்திருப்பாள்." ஒருநாள் குகன், "இனி அவளைத் திருப்பிக் கொண்டுவரேலாது. நாங்கள் பழகிக்கொள்ள வேணும்" என்றார். அவர் சொன்னது, ஊருக்குத் திரும்ப அவளைச் சம்மதிக்க வைக்கும் விஷயத்தை.

அந்த விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். குகனின் இரண்டு வருட ஒப்பந்தம் முடிய இருந்தது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சம்மதமா என்று கம்பனி கேட்டிருந்தது. மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நான் மனதுக்குள் பெட்டி கட்டி முடித்துவிட்டிருந்தேன். ஊரில் வாடகைக்கு விட்ட வீட்டில் எந்த அறைக்கு என்ன நிறம் அடிப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டிருந்தேன். ஆரணி போக மாட்டேன் என்றாள். சத்தம் போட்டு இல்லை. கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். உள்ளே இந்தியில் சிரிப்புச் சத்தம் கேட்கும். அவள் எங்களைவிட்டு எங்கேயோ போய்க்கொண்டிருந்தாள், அந்த இடத்தின் பாஷை எனக்குத் தெரியாது.

5

அந்த முதல் ஞாயிறு கல்லறைத் திருநாள், கத்தோலிக்கர் செத்தவர்களுக்காகப் பூசை வைக்கும் நாள். எங்களுக்கு அது ஞாபகத்தில் இருக்க நியாயமில்லை, நாங்கள் சைவக்காரர். மாஹிமில் காரை நிறுத்திய பிறகு அந்தோணி வழக்கம்போல் இறங்கிப் போகவில்லை. முன் இருக்கைக்குக் கீழே இருந்து ஒரு பையை எடுத்தார். அதில் சாமந்திப் பூவும் ஒரு தடித்த மெழுகுதிரியும் இருந்தன.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நெனைக்காதீய" என்றார். "இன்னைக்குக் காலம்பற பூசைல பிள்ளை பேரையும் வாசிச்சாங்க. எங்க வீட்டுக்காரி புஷ்பம்தான் பேர் குடுத்தா. இது மந்திரிச்ச திரி. மண்ணுல ஊனி வச்சிருவமா?"

"எந்தப் பிள்ளை?" என்று குகன் கேட்டார்.

அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். "ஆரணிப் பாப்பா, சார்."

குகன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையையும் அந்தோணி தன் பாட்டில் விளங்கிக்கொண்டார்.

"நானா கேக்கல. கேக்கக் கூடாதுல்லா. பேரு உங்க வாயில வந்ததுதான். எங்க மாமா ஒருத்தர் கடலுக்குப் போயித் திரும்பல. உடம்பு கெடைக்கல. எங்க அத்தை இப்பிடித்தான், கரையில போயி உக்காந்து சும்மா பாத்துக்கிட்டே இருப்பாவ. உங்களைப் பாத்த அன்னைக்கே எனக்கு வெளங்கிட்டு. அந்தக் கப்பைப் பாத்தா மனசு கேக்காது."

அவள் உயிரோடு இருக்கிறாள், பந்து விளையாடப் போயிருக்கிறாள். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? எந்த யாழ்ப்பாணத்தானும் அடுத்த நொடி சொல்லியிருப்பான். தாராவியில் யாரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் நாங்கள், கடையில் வேறொருவருடைய கோப்பியைக் கொண்டுவந்து வைத்தாலும் நன்றி சொல்லிக் குடித்துவிட்டுப் போகிற ஊரில் வளர்ந்தவர்கள். ஒரு மனிதர் மனைவியிடம் சொல்லி, கோயிலில் பேர் கொடுத்து, திரி வாங்கி, அதை எங்கள் முன் நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவரை எப்படி வெட்கப்பட வைப்பது?

"தாங்க்யூ, அந்தோணி" என்றார் குகன்.

அன்றுதான் முதன்முதலாக அந்த இடத்தில் காரை விட்டு இறங்கினோம். அந்தோணி மணலில் குழி செய்து திரியை ஊன்றினார். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. குகன் குந்தியிருந்து இரண்டு கைகளாலும் மறைத்துக்கொண்டார். நான் கொளுத்தினேன். என் மகளுக்கு, அவள் மாட்டுங்காவில் பந்து போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் திரி கொளுத்தினேன். இது என்ன கூத்து என்று சிரிப்பு வந்துவிடும் என்று பயந்தேன். வந்தது அழுகை. சின்ன அழுகையும் இல்லை. மணலில் உட்கார்ந்து, ஒன்றரை வருடமாக எங்கே இருந்ததென்று தெரியாத அழுகையை அழுது முடித்தேன். கண்ணாடியில் படம் கீறின பிள்ளை, எனக்கு விளங்குகிற பாஷையில் கதைத்த பிள்ளை, அவள் போய்விட்டாள்தானே. அந்தோணிக்குத் தெரிந்தது எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது.

"அழுதிருங்க அக்கா" என்றார் அவர். "அழுதாத்தான் ஆகும்."

திரியை அணைத்து, மிச்சத்தை நான் கூடையில் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் வழியில் நானும் குகனும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

6

ஆரணி மத்தியானம் வந்தாள். வியர்வையோடு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தண்ணீர் குடித்தாள். சோறு போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். அவளிடம் மறைக்கிற திறமை எனக்கு இல்லை.

அவள் சிரித்தாள். சோறு புரைக்கேறும்வரை சிரித்தாள். உடனே கைபேசியை எடுத்துத் தோழிகளுக்கு இந்தியில் குரல் செய்தி அனுப்பினாள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. பிறகு கைபேசியைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் கொளுத்தினீங்களா?"

"ஓம்."

"நான் இருக்கிறன் எண்டு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லேலாமப் போச்சுது. அவர் அவ்வளவு ஆசையா வாங்கிக்கொண்டு வந்தவர்."

"அம்மா, இது டூ மச் இங்கிலீஷ்" என்றாள். கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். "அவர் ஏன் அப்பிடி நினைச்சவர்? காருக்குள்ள இருந்ததுக்காகவா?"

மூன்றாவது கோப்பையைப் பற்றிச் சொன்னேன்.

"ஒவ்வொரு கிழமையுமா?"

"ஓம்."

"எனக்கா?"

நான் பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டேன். அவள் எழும்பி வந்து, கை கழுவாமலே பின்னால் நின்று, முழங்கையால் என்னைக் கட்டிப்பிடித்தாள். என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாள் என்பது அப்போது கழுத்தில் தெரிந்தது.

"காலிபீலி அழாதேங்கோ" என்றாள். சும்மா வீணாக அழ வேண்டாம் என்பதற்கு மும்பையில் அப்படித்தான் சொல்வார்கள். யாழ்ப்பாணமும் பம்பாயும் ஒரே வாய்க்குள் இருந்ததைக் கேட்டு எனக்கு இன்னும் அழுகை வந்தது.

7

அடுத்த ஞாயிறு அவள் பயிற்சிக்குப் பிந்தி வருவதாகச் சொல்லிவிட்டு எங்களோடு கீழே இறங்கினாள். அந்தோணி வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். குகன் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் ஆரணி அந்தோணியின் முன்னால் போய் நின்றாள்.

"அங்கிள், நான்தான் ஆரணி. சாரி."

எதற்குச் சாரி என்று தெரியவில்லை. உயிரோடு இருப்பதற்காக இருக்கும்.

அந்தோணி அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிலுவை போட்டார். கோபப்படுவார், அல்லது வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் கைபேசியை எடுத்து வீட்டுக்கு அடித்தார்.

"ஏட்டி, பிள்ளை இருக்காட்டி" என்றார்.

"எந்தப் பிள்ளை?" என்று மறுபக்கத்துச் சத்தம் எங்களுக்கே கேட்டது.

"நீ பேர் குடுத்தல்லா, அந்தப் பிள்ளை. முன்னால நிக்கா. நல்லா ஒசரமா இருக்கா."

பிறகு, "கூட்டியாங்க, நான் பாக்கணும்" என்று கேட்டது.

தாராவிச் சாலையில், நெரிசலுக்கு நடுவில், வீட்டு உடுப்போடு ஒரு பெண் கைகாட்டிக்கொண்டு நின்றாள். அந்தோணி வண்டியை ஓரம் கட்டினார். பின்னால் ஹாரன்கள் அடித்தன. புஷ்பம் முன் கதவுக் கண்ணாடி வழியாக உள்ளே தலையை விட்டு, ஆரணியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓம் பேருக்குப் பூசை வச்சிருக்கேன் தெரியுமா? ஒனக்கு ஆயுசு கெட்டி. போ." பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது சொல்லிருக்கப்படாதாக்கா? மூணு நாளு நான் சரியாச் சாப்பிடல."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன்.

"அட, மன்னிப்பு எதுக்கு? இருக்காள்லா, அது போதும்" என்று ஆரணியின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஹாரன் அடித்தவனை இந்தியில் திட்டிக்கொண்டே போனாள்.

மாஹிம் வரைக்கும் ஆரணியும் அந்தோணியும் முன்னால் இருந்து இந்தியில் பேசிக்கொண்டே வந்தார்கள். எந்தச் சிக்னலில் போலீஸ் ஒளிந்து நிற்கும், எங்கே வடாபாவ் நல்லது, எந்தப் பள்ளி அணியில் யார் கள்ள ஆட்டம் ஆடுவார்கள், இந்த மாதிரிக் கதைகளாக இருக்க வேண்டும். நான் சொற்களைப் பொறுக்கிக்கொண்டு பின்னால் வந்தேன். அவள் கைகளை ஆட்டிப் பேசினாள். இடையில் புகுந்து அந்தோணியை மறுத்தாள். ஊரில் இருந்தபோது அவள் இப்படிப் பேசியதில்லை. அங்கே அவள் ஒதுங்கி நிற்கிற பிள்ளை. அது நான் அறிந்ததுதான், ஆனால் மறந்துவிட்டேன்.

கடல் அன்றைக்கு அமைதியாக இருந்தது. நான் தேநீர் ஊற்றினேன். மூன்றாவது கோப்பையை முன்னால் நீட்டினேன். ஆரணி அதை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு அந்தோணியிடம் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்றார். "அங்கிள், இது என்ர கப்தான். குடிங்கோ" என்றாள். அவர் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல் இறங்கிப் படகுப் பக்கம் போனார்.

நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"அம்மா" என்று ஆரணி முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். "நான் அங்க வரேல்லை எண்டுறது உங்களோட கோவத்தில இல்லை. அங்க எனக்கு ஆரும் இல்லை. இஞ்ச இருக்கினம்."

"எனக்கு இஞ்ச ஆரும் இல்லை" என்றேன் நான். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னேன்.

"தெரியும்" என்றாள்.

ஒரு படகு கரைக்கு வந்தது. அதிலிருந்து கூடைகளை இறக்கினார்கள். காகங்கள் கூடின. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இஞ்சரப்பா" என்றேன் குகனிடம். "கம்பனிக்கு ஓம் எண்டு எழுதுங்கோ."

"நீர் என்ன செய்வீர்?" என்று அவர் கேட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை இருக்குத்தானே" என்றேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. ஆரணி கையைப் பின்னால் நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன்.

8

திரும்பும்போது அவளை மாட்டுங்காவில் இறக்கிவிட்டோம். பூக்கடைகளுக்கு அந்தப் பக்கம் மூன்று பெண்பிள்ளைகள் அவளைக் கண்டதும் கூவினார்கள். அவளும் கூவிக்கொண்டே ஓடினாள். திரும்பிக் கை காட்டினாள். எனக்கா, அந்தோணிக்கா என்று தெரியவில்லை. அந்தோணி உடனே வண்டியை எடுக்கவில்லை. கூட்டத்தில் அவள் தலை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை நல்லாருக்கா, அக்கா" என்றார்.

"ஓம்" என்றேன். "நல்லா இருக்கிறாள்."

குகன் மறுநாளே கம்பனிக்கு எழுதிவிட்டார். பதிவைப் புதுப்பிக்க மறுபடி அந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும். என் காவ் எது என்று மறுபடி கேட்பார்கள். இன்னும் பதில் யோசித்து வைக்கவில்லை. ஆரணிக்கு ஞாயிறு பயிற்சி தொடர்கிறது. நாங்கள் இரண்டு பேரும் மாஹிமுக்குப் போகிறோம். மூன்றாவது கோப்பை இப்போது அந்தோணிக்கு. அவரும் சில வேளை உள்ளே வந்து உட்கார்ந்து, எங்களோடு சேர்ந்து ஒன்றும் பேசாமல் கடலைப் பார்க்கிறார்.

போன கிழமை கூடையைக் கழுவும்போது அடியில் அந்தப் பாதி மெழுகுதிரி கிடந்தது. ஆரணி பார்த்துவிட்டாள். "என்ர திரியை இன்னும் எறியேல்லையா?" என்று கேட்டாள். கரண்ட் போனால் உதவும் என்று சொல்லி சமையலறை லாச்சியை இழுத்து அதை உள்ளே வைத்தேன். செம்பூருக்கு வந்த இந்த இரண்டு வருடத்தில் எங்கள் வீட்டில் ஒரு நாள்கூடக் கரண்ட் போனதில்லை.